மெட்டில்லாத மூலம்: ‘முத்தைத்தரு’ பாடலும் திருத்தணிப் படிகளும்

கேள்வி

திருப்புகழில் ஒன்று பாடுங்கள் என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தொடங்குவது ‘முத்தைத்தரு’. தொடங்குவதும் டி.எம். சௌந்தரராஜனின் மெட்டில்தான். 1964இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் அவர் பாடிய மெட்டு அது. பாட்டின் சொற்களோ 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திருப்புகழைப் பாடிய அருணகிரியார் தம் பாடலொன்றில் பிரபுடதேவ மாராயனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவனை விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் என்று கொண்டே அறிஞர்கள் புலவரின் காலத்தைக் கணித்தார்கள். சொல் பிறந்ததற்கும் இன்று நம் காதில் ஒலிக்கும் மெட்டு பிறந்ததற்கும் நடுவே ஏறத்தாழ 500 ஆண்டுகள் கிடக்கின்றன. ஆனால் கேட்பவர் மனத்தில் அந்த இடைவெளி இல்லை. சௌந்தரராஜன் பாடியபடியேதான் அருணகிரியாரும் பாடியிருப்பார் என்ற உணர்வு ஆழமாக வேரூன்றிவிட்டது.

ஒரு பாடலின் புகழ்பெற்ற மறுவடிவம் எப்படி மூலமாகவே மாறிவிடுகிறது, அப்படி மாறும்போது எவையெல்லாம் பார்வையிலிருந்து விலகுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதைத் திருத்தணியை நடுவில் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. அருணகிரியார் தணிகைமலை மீது பாடியவற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்திருக்கின்றன. திருப்புகழுக்கு உரை கண்டவர் ‘தணிகைமணி’ என்றே அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று இம்மலையின் படிகளில் திருப்புகழ் கூட்டங்கூட்டமாகப் பாடப்படுகிறது. ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து ஒலிபெருக்கிக்கும் திருப்புகழ் வந்த வழி முழுவதையும் இந்த ஒரே ஊரில் நின்று பார்க்கலாம்.

படத்து மெட்டைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. திருப்புகழைக் கோடிக்கணக்கானவரிடம் கொண்டு சேர்த்தது சினிமாதான், அது இல்லையென்றால் பாட்டே மறந்துபோயிருக்கும் என்பது ஒன்று. மரபான பண்முறையைச் சினிமா கெடுத்துவிட்டது என்பது மற்றொன்று. முதற் கருத்து படத்துக்கு முந்திய அரை நூற்றாண்டு உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது, மாறாத ஒரு மூல மெட்டு இருந்தது என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டுக்கும் சான்று போதாது.

சொல்லைக் காத்தவர்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருப்புகழ் சிதறிக் கிடந்தது. அருணகிரியார் 16,000 பாடல்கள் பாடினார் என்பது வழக்கு. இன்று கையில் இருப்பவை 1,300க்குச் சற்று மேல். இந்த அளவேனும் மிஞ்சியதற்கு முதற் காரணம் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. 1871இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தபோது, சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் சிறப்புக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக் காட்டியதை அவர் கண்டார். அதன் சொல்லழகு அவரைப் பற்றிக்கொண்டது. அன்று முதல் ஊர் ஊராக ஏடு தேடினார். பின்னர் மாவட்ட முன்சீபாக உயர்ந்தபோதும் தேடல் நிற்கவில்லை. 1890களில் முதற் பகுதியும், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்த பகுதியும் அச்சாயின. அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை தந்தையின் பணியைத் தொடர்ந்து, அருணகிரியார் நூல்கள் முழுமைக்கும் உரை எழுதினார். தணிகைமணி என்று போற்றப்படுபவர் இவரே.

பக்தி ஒரு மனிதரைச் சோர்வில்லாத பதிப்பாசிரியராக்கும் என்பதற்கு இந்தத் தந்தையும் மகனும் போதிய சான்று. உ.வே. சாமிநாதையரின் சங்க இலக்கியப் பதிப்புகளுக்குக் கிடைத்த கவனம் இவர்களுடைய உழைப்புக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆனால் அவர்கள் பதிப்பித்தது சொற்களை. பாடலின் தலைப்பில் சந்தக் குழிப்பை அச்சிட்டார்கள். இராகமும் சுரமும் அச்சில் ஏறவில்லை. ஏடுகளில் அவை இல்லாதபோது அச்சில் எப்படி வரும்? இதே காலத்தில் நடந்த இன்னொரு பதிப்பை அருகில் வைத்தால் வேறுபாடு விளங்கும். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் அதில் சுரக்குறிப்போடு, கமகக் குறியீடுகளோடு பதிவாயின. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை மாயாமாளவகௌளையில் பாடியது திருத்தணிப் படிகளில் என்பது மரபு. முதியவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாகக் கதை. ஆக, ஒரே மலையோடு தொடர்புடைய இரண்டு பாடல் மரபுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சேறின. ஒன்று இசையோடு ஏறியது. மற்றொன்று இசையில்லாமல் ஏறியது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த வேறுபாடே அடிப்படை.

சந்தம் எதைக் கட்டுகிறது, எதை விடுகிறது

இசை அச்சில் இல்லை என்பதால் திருப்புகழ் இசையற்ற செய்யுளாகிவிடாது. ‘முத்தைத்தரு’ பாடலின் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று நடக்கிறது. குறிலுக்கு ஒன்றும், ஒற்றடுத்த குறிலுக்கு இரண்டுமாக எண்ணினால் 6, 4, 4 என்று 14 மாத்திரை வரும். இது மும்முறை அடுக்கி, ‘தனதான’ என்ற தொங்கலில் வந்து விழும். எந்த ஊரில் யார் பாடினாலும் இந்த எண்ணிக்கையிலிருந்து தப்ப முடியாது. வல்லெழுத்துகள் இரட்டித்து வரும் இடத்தில் நாக்கு தடுக்கும், அடுத்த நொடி குறில்களில் ஓடும். அசைவை முழுவதுமாகப் புலவரே வகுத்துவிட்டார்.

அவர் வகுக்காமல் விட்டது சுரத்தை. ஆகவே பாடுபவர் ஒவ்வொருவரும் சந்தத்துக்குக் கட்டுப்பட்டு, இராகத்தைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியவர். காஞ்சிபுரம் நயினா பிள்ளை கடினமான தாளங்களில் திருப்புகழ் பாடிப் புகழ்பெற்றார். ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரி மேடையில் அதற்கு நிலையான இடம் தேடித் தந்தார்கள். கிருபானந்த வாரியார் தம் சொற்பொழிவுகளில் வேறொரு போக்கில் பாடினார். டெல்லியில் ஏ.எஸ். ராகவன் வளர்த்த திருப்புகழ் அன்பர்கள் அமைப்பு, நூற்றுக்கணக்கான பாடல்களை இராகவாரியாக மெட்டமைத்து வீடுகளில் கூடிப் பாடும் பழக்கத்தை உண்டாக்கியது. இவர்களில் யாருடைய மெட்டும் அருணகிரியாரின் மெட்டு அன்று. அதேசமயம் யாருடையதும் அத்துமீறலும் அன்று.

எனவே ‘மூல மெட்டைச் சினிமா கெடுத்தது’ என்ற வாதம் நிற்காது. கெடுப்பதற்கு அப்படி ஒரு மெட்டு நம் கைக்கு வரவில்லை.

தணிகைப் படிகள்

சொற்கள் அச்சில் வந்ததும் மக்கள் பாடத் தொடங்கிவிடவில்லை. அதற்கு வேறொரு மனிதர் வேண்டியிருந்தது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் மைசூர் அரண்மனையில் சமையல் பணியில் இருந்தவர். பழனியில் தங்கியிருந்த நாளில், நடனமாடும் பெண்மணி ஒருத்தி திருப்புகழ் ஒன்றைப் பாடி ஆடக் கேட்டு, அந்தப் பாட்டிலேயே தம் வழி இருப்பதாக உணர்ந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பின்னர் திருவண்ணாமலையில் சேஷாத்திரி சுவாமிகள் அவரை வள்ளிமலைக்குப் போகச் சொன்னாராம். திருப்புகழே மந்திரம், வேறு எதுவும் வேண்டாம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய கொள்கை. 1950இல் மறையும் வரை ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார்.

திருத்தணிப் படித் திருவிழாவைத் தொடங்கியவர் இவரே. ஆங்கிலப் புத்தாண்டு அன்று மாலையும் பழமுமாக வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டு வாசலில் மக்கள் காத்து நிற்பதைக் கண்டு, உண்மையான துரை தணிகைமலையில் இருக்கிறார், அவரைப் போய்ப் பார்ப்போம் என்று அழைத்தார் என்பார்கள். 1917ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்த வழக்கம் நூறாண்டைக் கடந்து நடக்கிறது. மலைக்கு 365 படிகள் என்பது கணக்கு. படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி அடுத்த படி ஏறுவார்கள். பஜனைக் குழுக்கள் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வரும். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும் வருவார்கள்.

தெலுங்கர் வருவதில் வியப்பில்லை. விழா தொடங்கிய காலத்தில் திருத்தணி, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறிய பின்னும் ஆடிக்கிருத்திகைக் காவடிகள் இருபக்கமிருந்தும் வருகின்றன. அருணகிரியாரின் கடும் சந்தத்தை ஆந்திரப் பக்கத்து நாக்குகளும் பழகி வைத்திருக்கின்றன.

படி விழாவின் அமைப்பு ஆய்வுக்கு முக்கியமானது. படிக்கொரு பாட்டு என்றால் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் வேண்டும். புகழ்பெற்ற பத்துப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடிப் போக்க முடியாது. அத்தனை பாடல்களுக்கும் தனித்தனி மெட்டுக் கேட்டுப் பழக இசைத்தட்டும் இல்லை. ஒத்த சந்தமுடைய பாடல்களை ஒரே மெட்டில் பாடவும், குருவிடம் கேட்டதைத் தம் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் இந்த வழிபாடு இடமளிக்கிறது. மெட்டுப் பன்மையை ஒரு கொள்கையாக அறிவிக்காமலே நடைமுறையில் காக்கும் அமைப்பு இது.

1964

‘அருணகிரிநாதர்’ படத்துக்கு முன்பே, 1962இல், சௌந்தரராஜன் ‘பட்டினத்தார்’ படத்தில் நாயகனாக நடித்துப் பாடியிருந்தார். அருள்புலவர் வேடம் அவருக்குப் புதிதன்று. அடுத்த படத்தை டி.ஆர். ராமண்ணா இயக்கினார். இசைக்கு ஜி. ராமநாதன், டி.ஆர். பாப்பா இருவர் பெயரும் உண்டு. ராமநாதன் படம் வெளிவரும் முன்பே, 1963இல், காலமானார். ‘முத்தைத்தரு’ சண்முகப்பிரியாவில் அமைந்தது. ஆறுமுகனைப் பெயரிலேயே சுமக்கும் அந்த இராகம் தமிழ்க் காதுக்கு முன்பே பக்தியோடு பழகியது.

இந்த மெட்டு வென்றதற்குப் பலரும் சொல்லும் காரணம் குரல். அது உண்மைதான். வல்லொற்றுகள் இத்தனை நெருங்கி வரும் பாட்டை வேகம் குறையாமல், ஓர் எழுத்தும் மழுங்காமல் பாட அவரால் முடிந்தது. சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மதுரைக்காரர் ஒருவர் தமிழ் உச்சரிப்புக்கு அளவுகோலானார் என்பதை மரியாதையோடு நினைக்க வேண்டும்.

ஆனால் குரல் மட்டும் போதிய விளக்கம் ஆகாது. நல்ல குரலில் வந்த திருப்புகழ்ப் பதிவுகள் வேறும் உண்டு, அவை மூலமாகிவிடவில்லை. என் கருத்தில், தீர்மானித்தது பாட்டு படத்தில் வரும் இடம். மரபுக்கதைப்படி அருணகிரி திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுகிறார். முருகன் தாங்கிக்கொண்டு, பாடப் பணித்து, முதலடியை எடுத்துக் கொடுக்கிறார். அந்த முதலடியே ‘முத்தைத்தரு’. படம் இந்தக் கணத்தைத் திரையில் காட்டி, பாட்டை அங்கே வைத்தது. பார்வையாளர் கண்முன் தெய்வம் சொல்லைத் தருகிறது; அதே மூச்சில் சண்முகப்பிரியாவும் வருகிறது. சொல்லுக்கு மரபு தந்திருந்த அருளப்பட்ட தன்மை மெட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. கச்சேரியில் நயினா பிள்ளை பாடியபோது கேட்டவர்களுக்கு அது நயினா பிள்ளையின் திருப்புகழ். திரையில் பாடியவரோ அருணகிரியாகவே நின்றார். வேறெந்தப் பாடகருக்கும் இந்த வசதி இருந்ததில்லை.

அதன்பின் வேலையை ஒலிபெருக்கி செய்தது. கிருத்திகை நாட்களில் கோயில்களில், தேநீர்க் கடைகளில், பேருந்துகளில் இசைத்தட்டும் பின்னர் ஒலிநாடாவும் ஒரே வடிவத்தை ஓயாமல் ஒலித்தன. குழந்தைகள் பாட்டின் பொருளை அறியுமுன் மெட்டை அறிந்தார்கள்.

இரண்டு ஒப்பீடுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் இதற்கு இணையாக அடிக்கடி சுட்டப்படும் வரலாறு ‘ரெஸ்பெக்ட்’ பாடலுடையது. 1965இல் ஒடிஸ் ரெடிங் தாமே எழுதிப் பாடி வெளியிட்டார். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தன் பெண்ணிடம் மதிப்புக் கேட்கும் பாட்டு அது. 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதை எடுத்து, பெண் கேட்கும் பாட்டாக்கி, ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாடும் பகுதியைச் சேர்த்தார். அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. பெண் விடுதலை இயக்கமும் குடிமை உரிமை இயக்கமும் அதைத் தம் பாடலாக்கிக்கொண்டன. இன்று பெரும்பாலோருக்கு அது அரீத்தாவின் பாட்டு. மூலமும் மறுவடிவமும் ஒலித்தட்டில் இருக்கின்றன. யார் எதைச் சேர்த்தார், எதனால் பொருள் மாறியது என்று இரண்டையும் கேட்டு எவரும் சொல்லிவிடலாம். திருப்புகழுக்கு அந்த வசதி இல்லை. அங்கே மறுவடிவம் மூலத்தை வென்றது. இங்கே மூலத்தின் காலி இடத்தை நிரப்பியது. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லாததால், நிரப்பியதே மூலம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது ஒப்பீடு மீண்டும் முத்துசுவாமி தீட்சிதர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அவர் குடும்பம் மணலியில் வாழ்ந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே சியாமளை மீது ஒரு பாட்டு உண்டு. அங்கே மெட்டு நிலையாக நிற்க, சொல் புதிதாக வந்தது. ‘முத்தைத்தரு’வில் சொல் நிலையாக நிற்க, மெட்டு புதிதாக வந்தது. திருத்தணியோடு தொடர்புடைய இவ்விரு பெரியோர் வழியாக வந்த பாடல்களும், புனிதமான பாட்டு கலப்பைக் கண்டு அஞ்சியதில்லை என்பதைக் காட்டுகின்றன. சினிமா மெட்டு என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவோர் இங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

பெயர் மறைந்தோர்

அப்படியானால் இழப்பு ஒன்றுமில்லையா? உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது.

வள்ளிமலை சுவாமிகள் முதன்முதலில் திருப்புகழில் நெஞ்சைப் பறிகொடுத்தது ஒரு நடனப் பெண்மணியிடம் என்று பார்த்தோம். கோயில்களில் ஆடிப் பாடிய பெண்களின் வாயில், அச்சுக்கு வெளியே, இசையோடு திருப்புகழ் வாழ்ந்தது என்பதற்கு இது தெளிவான அறிகுறி. ஏடு தேடியவர்கள் சொற்களுக்காகப் புலவர் வீடுகளையும் மடங்களையும் நாடினார்கள். இந்தப் பெண்களின் மெட்டுகளைக் குறித்துவைக்க எவரும் முனையவில்லை. 1947இல் வந்த சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் வேண்டியதொரு சீர்திருத்தம். ஆனால் அந்த வழக்கத்தோடு, அவர்கள் காத்த இசையும் கேட்பாரற்றுப் போயிற்று. அருணகிரியாரைப் பற்றிய மரபுக்கதையோ தாசியர் இல்லத்தை அவர் அழிந்த இடமாகவே காட்டுகிறது. திரைப்படமும் அதே கதையைத்தான் எடுத்துக்கொண்டது. திருப்புகழைப் பாடிக் காத்தவர்களில் ஒரு சாராரை, அதே திருப்புகழின் வரலாறு குற்றவாளிகளாக நிறுத்தியிருக்கிறது. இந்த அநீதி என்னை உறுத்துகிறது.

இதோடு சேர்த்து எண்ண வேண்டியது ‘உள்ளம் உருகுதையா’. சௌந்தரராஜன் பாடி ஊரெங்கும் பரவிய இந்த முருகன் பாட்டை இயற்றியவர் ஆண்டவன் பிச்சை என்ற பெயரில் எழுதிய மரகதம் அம்மையார். பாட்டைச் சொன்னதும் பாடகர் பெயர் நினைவுக்கு வரும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அவர் பெயர் வருவதில்லை. அருணகிரியார் பாட்டில் சொல்லுக்கு உரியவர் நிலைத்தார், இசைத்தவர்கள் மறைந்தார்கள். இந்தப் பாட்டிலோ சொல்லுக்கு உரியவரே மறைந்தார். இரண்டிலும் மறைந்தது பெண்.

பதிவு செய்ய வேண்டியவை

திருத்தணிப் பாடல்களில் ஒன்றான ‘இருமலு ரோகம்’ நோய்களை வரிசையாகச் சொல்லி, அவை அணுகாதிருக்க வேண்டும் பாட்டு. நோயுற்றோர் வீடுகளில் நாள்தோறும் ஓதப்படுகிறது. அதற்கு ‘முத்தைத்தரு’ போல் ஆதிக்கம் செலுத்தும் ஒற்றை மெட்டு அமையவில்லை. தாய் ஒருவிதமாகவும் பஜனைக் குழு ஒருவிதமாகவும் சொல்கிறார்கள். சிலர் மெட்டின்றி ஓதுகிறார்கள். புகழ்பெற்ற பதிவின் நிழல் விழாத பாடல்களில் பழைய பன்மை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இனி ஆய்வாளர் போக வேண்டிய இடம் அந்த நிழலுக்கு வெளியே. டிசம்பர் 31 இரவு திருத்தணிப் படிகளில் ஏறும் குழுக்களை ஆண்டுக்கு ஒன்றிரண்டாகவேனும் முழுமையாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். எந்தப் பாடல், எந்த இராகச் சாயல், எந்தத் தாளம், பாடுபவர் யாரிடம் கற்றார், அவர் எவரிடம் கற்றார் என்பன பாடலுக்கு ஒரு தாளாக எழுதப்பட வேண்டும். வள்ளிமலை சுவாமிகளின் நேர்வழியில் வந்த குழுக்களும் கச்சேரி மெட்டுகளைப் பின்பற்றும் குழுக்களும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது அப்போது தெரியும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெலுங்குக் குழுக்களைத் தனியே கேட்க வேண்டும். சினிமா அலை அவர்களிடம் வேறு அளவில் சேர்ந்திருக்கக் கூடும்; பழைய மெட்டுகள் அவர்களிடம் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய கோயில் நடனக் குடும்பங்களின் வழிவந்த மூத்த பெண்களில் திருப்புகழ் அறிந்தவர்கள் இருந்தால், முதலில் போக வேண்டியது அவர்களிடம். வ.த. சுப்பிரமணிய பிள்ளை சொற்களுக்காக ஊர் ஊராக நடந்தார். மெட்டுகளுக்காக அப்படி நடக்க இன்னும் ஒருவரும் புறப்படவில்லை என்றால், அந்த மூத்தவர்களின் வயது நமக்காகக் காத்திராது.